டேங்க் இல்லாத கம்ப்ரசர்

முதுநகரில் ரயில் பாதையை ஒட்டிய இரண்டாவது சந்தில் இருக்கும் ஸ்ரீதரின் வீட்டுக்கு அந்த ஏர்பிரஷ் வந்து ஒரு மாதமாகிவிட்டது. இன்னும் அது பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

பேனாவைவிடச் சற்றுப் பருமனான கருவி. மேலே பெயிண்ட் ஊற்ற விரல்நுனி அளவுக்கு ஒரு கிண்ணம், நடுவில் ஒரு பொத்தான், கீழே குழாய் மாட்ட ஒரு மரை. பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் காற்றோடு சேர்ந்து பெயிண்டும் புகைபோல வரும். அந்தக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஸ்ரீதர் தயங்கியது அந்த ஒன்றுக்காகத்தான்.

கொடுத்தவர் சார்லஸ். அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் பாடம் எடுப்பவர். பிளாஸ்டிக் விமானக் கிட்டுகளை வாங்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி ஒட்டிச் சின்னஞ்சிறு விமானங்களாக ஆக்குவது அவருடைய ஞாயிற்றுக்கிழமை. ஒட்டத் தெரிந்த அவருக்கு வண்ணம் பூச வராது. ஆறு வருடத்துக்கு முன் வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை வாங்கப் போனவர், கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஒருவர் பொம்மைகளுக்குக் கண் எழுதுவதைப் பார்த்தார். மறுவாரமே ஒரு விமானத்தைப் பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து அந்த ஆளின் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் ஒட்டுவதும் ஸ்ரீதர் பூசுவதும் நடந்து வருகிறது. சார்லஸின் நண்பர்கள் சிலரும் சென்னையிலிருந்து அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் தூரிகையில் பூசினால் தடம் விழும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்களிடம் அந்தத் தடத்தை மறைக்க முடியாது.

"என்னா ஸ்ரீதர், ஏர்பிரஷ்ஷ சாமி ரூம்ல வச்சிட்டீங்களா?" என்று சார்லஸ் போனில் கேட்டார்.

"இல்ல சார். கம்ப்ரசர் பாத்துக்கினு இருக்கேன்."

"ஒரு மாசமா பாக்கறீங்க. பொண்ணு பாத்திருந்தா இந்நேரம் நிச்சயமே முடிஞ்சிருக்கும்."

ஸ்ரீதர் வலது காதிலிருந்து போனை எடுக்காமல் சிரித்தார். அவர் போனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். இடது காது பதினோரு வருடமாகக் கேட்பதில்லை.

அவர் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு முந்திரிக் கொல்லைக்காரரின் இரண்டாவது மகன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு இருபத்திரண்டாம் வயதில் குடிகாட்டில், தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருந்த ஒரு சாய மருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த இடம் கம்ப்ரசர் ரூம். நான்கு சுவர், இரண்டு பெரிய மோட்டார், இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு காற்று டேங்க். மற்ற இடங்களில் அமிலமும் ஆவியும் இருக்க, இங்கே வெறும் காற்றுதானே என்று பலர் அவருடைய இடத்துக்கு ஆசைப்பட்டார்கள். வேலையும் சுலபம். முள்ளைப் பார்க்க வேண்டும், டேங்கின் அடியில் சேரும் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒருமுறை இன்னொரு வேலையும் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒவ்வொரு பகுதிக்காரர்களும் தங்கள் இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடித்தாக வேண்டும். காற்றுக்கு வானநீலம் என்பது தொழிற்சாலை வழக்கு. ஸ்ரீதரின் கை அந்த வாரத்தில்தான் வெளியே தெரியும். டேங்க், குழாய், வளைவு, ஏணிப்படி, ஒரு போல்ட் விடாமல் மூன்று பூச்சு பூசுவார். மேனேஜர் வெளியூரிலிருந்து வந்தவர்களை அழைத்து வந்து அந்த அறையைக் காட்டுவார். பதினான்கு வருட வேலையில் ஸ்ரீதருக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் அந்த நீலத்துக்காகக் கிடைத்ததுதான்.

பதினோரு வருடத்துக்கு முன், ஐப்பசியில் ஒரு காலை, இரவு ஷிப்ட் முடித்து அறையைக் காலை ஷிப்டுக்கு வந்த தங்கராசுவிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ரீதர் சைக்கிள் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சைக்கிளைத் தொடுமுன் இடது பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று வந்து அவரைத் தரையில் அறைந்தது. அதைச் சத்தம் என்று அவர் சொல்வதில்லை. சத்தமாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன் என்பார். டேங்க் வெடித்திருந்தது. கம்ப்ரசர் ரூம் இருந்த இடத்தில் மூன்று சுவர்கள் இல்லை.

தங்கராசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. உடலைக் குளிப்பாட்டிய பெண்கள், விரல் நகமெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். அவருடைய மனைவி ரத்தினம்மாள் இன்றைக்கும் அது ஏதோ விஷவாயு, கம்பெனி மறைத்துவிட்டது என்றுதான் சொல்லிவருகிறார். அங்கே வாயு எதுவும் கிடையாது, வெறும் காற்றுதான் என்று ஸ்ரீதர் ஒருமுறைகூட அவரிடம் மறுத்துப் பேசியதில்லை. வருடந்தோறும் அந்த நாளில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குடிகாட்டுக்குப் போவார். ரத்தினம்மாள் காபி கொடுப்பார். "நீங்களாச்சும் தப்பிச்சீங்களே தம்பி" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

விசாரணை அறிக்கை, காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை என்று முடிந்தது. ஸ்ரீதருக்கோ காரணத்தில் பாதி தெரியும். அழுத்தம் ஏறியதும் மோட்டாரை நிறுத்த வேண்டிய சுவிட்ச் நிறுத்தவில்லை. அது எல்லா இயந்திரத்திலும் ஒருநாள் நடப்பதுதான். அதற்காகத்தான் டேங்கின் தலையில் சேஃப்டி வால்வு என்று ஒன்று இருக்கிறது. அழுத்தம் எட்டு கிலோ தாண்டினால் அது தானே திறந்து காற்றை வெளியே கொட்ட வேண்டும். திறக்காவிட்டால் அதிலிருக்கும் வளையத்தைக் கையால் இழுத்துத் திறக்கலாம். தங்கராசு இருபது வருட அனுபவம் உள்ளவர். வால்வு ஏன் திறக்கவில்லை? தங்கராசு அண்ணன் ஏன் இழுக்கவில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாதவரை, காற்றை அடைத்துவைத்த எந்தப் பாத்திரத்தோடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில்லை என்று ஸ்ரீதர் முடிவு செய்திருந்தார். முடிவு என்றுகூடச் சொல்ல முடியாது. உடம்பு மறுத்தது, அவர் அதற்குக் கட்டுப்பட்டார். கம்பெனி வேலையை விட்டு வண்டிப்பாளையத்தில் பொம்மைக்கு வண்ணம் பூசப் போனதும் அதனால்தான்.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினார். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் சார்லஸ் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இது பாருங்க, உள்ளங்கைல அடங்கிடும். சார்ஜ் போட்டுக்கலாம். கேக் மேல பூ போடறவங்க வாங்குவாங்க. உங்களுக்கு ஆவாது, பத்து நிமிஷத்துல இதுக்கு மூச்சு வாங்கும்." அடுத்த படத்தைத் தட்டினார். "இது டேங்க் இல்லாதது. மோட்டார் அடிக்கிற காத்து நேரா பிரஷ்ஷுக்கு வரும். விட்டு விட்டு வரும், நாடி துடிக்கிற மாதிரி. இதோ, இதுதான் நான் சொல்றது. மூணு லிட்டர் டேங்க். காத்து டேங்க்ல தங்கி, அடங்கி, அப்புறம் சீரா வரும். ஈரமும் அடில நின்னுடும். நம்ம கடலோர ஊருக்கு டேங்க் இல்லாம கதை நடக்காது."

"டேங்க் இல்லாததே போதும் சார்."

"எதுக்கு?"

"வீடு சின்னது."

"மூணு லிட்டரு ஸ்ரீதர்! உங்க வீட்டு குக்கர் அளவு இருக்குமா?"

"எங்க வீட்ல குக்கர் இல்ல சார்."

சார்லஸ் சிரித்தார். எதிரிலிருந்தவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். டேங்க் இல்லாததையே வரவழைத்தார்கள்.

அது வந்ததும் ஸ்ரீதருக்குப் பிடித்துப்போயிற்று. நன்றாகச் சத்தம் போட்டது. ஓடுகிறதா இல்லையா என்று ஒற்றைக் காதுக்கும் தெரிந்தது. அணைத்தால் எல்லாம் முடிந்தது. உள்ளே எதுவும் மிச்சமிருந்து காத்திருக்கவில்லை. ஆனால் அது வரைந்த கோடு கோடாக இல்லை, புள்ளி புள்ளியாக இருந்தது. இருபது நிமிடத்தில் கைவைக்க முடியாதபடி சுட்டது. ஆடியில் ஒருநாள், பச்சையும் பழுப்பும் ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டிய ஒரு இறக்கையின் மேல், குழாயில் கூடியிருந்த ஈரம் சளிபோலத் துப்பி விழுந்தது. மூன்று வார வேலை. சார்லஸ் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்று பஞ்சில் பொதிந்துகொண்டார். சென்னை நண்பர்கள் கொஞ்ச நாள் எதுவும் அனுப்பவில்லை.

இந்த நேரத்தில்தான் கொளஞ்சியப்பன் ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினான். ஸ்ரீதரின் மனைவி தமிழ்ச்செல்விக்குத் தம்பி. ஃபிரிட்ஜ் மெக்கானிக். அக்காள் சொல்லி விஷயத்தைத் தெரிந்துகொண்டு, பழைய ஃபிரிட்ஜின் மோட்டாரையும் லாரியில் பிரேக்குக்குக் காற்று பிடிக்கும் டேங்கையும் ஒரு இரும்புச் சட்டத்தில் பூட்டிக் கொண்டுவந்திருந்தான். பன்னிரண்டு லிட்டர். துரு சுரண்டிய தழும்புகள் மேலே தெரிந்தன.

"டேங்க் மட்டும் பழசு மாமா. சுவிட்ச்சு, ரெகுலேட்டரு, சேஃப்டி வால்வு எல்லாம் பாண்டிச்சேரி போயி புதுசா வாங்கனது. நாலு கிலோல மோட்டாரு கட்டாவும். ஆறுல வால்வு தொறக்கும். சத்தமே கேக்காது. ஓடுதா இல்லியான்னு தொட்டுப் பாத்தாதான் தெரியும்."

"அதான் மச்சான் பயமா இருக்கு."

"சத்தம் வந்தா பயப்படுவாங்க, சத்தம் வரலன்னு பயப்படற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றான் கொளஞ்சியப்பன்.

தமிழ்ச்செல்வி சமையல்கட்டிலிருந்து வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் காபி டம்ளர்களை வைத்தாள். "ஒரு மாசமா கடைய சாத்திட்டு வந்து செஞ்சிருக்கான். வேணாம்னு சொல்லி திருப்பி அனுப்புனா அவன் மூஞ்சில நான் முழிக்க முடியாது. உங்க பயம் எனக்குத் தெரியாம இல்ல. அதுக்கு என்னா வழியோ நீங்களே பண்ணிக்குங்க."

ஸ்ரீதர் பண்ணிக்கொண்டார். டேங்கை மேசைக்கு இடப்பக்க மூலையில் வைத்தார். மெயின் சுவிட்சை அறைக்கு வெளியே நடையில் மாட்டினார். காலண்டர் அட்டையின் பின்புறம் மூன்று விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினார். காலையும் மாலையும் அடித்தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஓடும்போது அறையைவிட்டுப் போகக் கூடாது. தினமும் வால்வின் வளையத்தை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காலையும் வளையத்தை இழுத்ததும் உஸ்ஸென்று காற்று சீறும். அதைக் கேட்டபிறகுதான் நாற்காலியில் உட்காருவார். முதல் வாரம் உட்கார்ந்தபோது முதுகு வியர்த்தது. இரண்டாவது வாரமும் வியர்த்தது. மூன்றாவது வாரத்தில் வியர்த்ததா என்று அவருக்கு நினைவில்லை.

வேலை மாறிவிட்டது என்பதில் சந்தேகமில்லை. ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி இறக்கைகள் அமைந்தன. சார்லஸ் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். ஸ்ரீதருக்கு அது போதுமானதாக இருந்தது. பயம் என்பது அறிவின் ஒரு வகை என்று வைத்துக்கொண்டால், அந்த மாதங்களில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக அறிவிழந்துகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வேலை நன்றாக நடக்கும்போது நமக்கு அது தெரிவதில்லை.

புரட்டாசி முடிவில் ஆயுத பூஜை வந்தது. துரு சுரண்டிய தழும்போடு அந்த டேங்க் சந்தனத்துக்குக் காத்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. பூஜைக்கு இரண்டு நாள் முன்பு டேங்கை உப்புத்தாளால் தேய்த்தார். அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடிக்கு மட்டும் டேப் ஒட்டி மறைத்தார். ஏர்பிரஷ்ஷில் வானநீலத்தை ஊற்றி, அந்த டேங்கின் காற்றைக்கொண்டே அந்த டேங்கைப் பூசினார். பித்தளை வால்வு மஞ்சளாகத் துருத்திக்கொண்டு கண்ணை உறுத்தியது. அதன்மேலும் மூன்று மெல்லிய பூச்சு விட்டார். உடல், தண்டு, வளையம் எல்லாம் ஒரே நீலமாக, வார்த்தெடுத்ததுபோல ஆயிற்று. சென்னைக்காரர்களின் விமானங்களில்கூட அப்படியொரு பூச்சு அமைந்ததில்லை.

பூஜையன்று கொளஞ்சியப்பன் வந்து பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். "நான் பண்ணதா மாமா இது? கடைல வச்சா கம்பெனி மால்னு சொல்லிடுவாங்க." ஸ்ரீதர் குழைத்த சந்தனத்தை மோட்டாருக்கும், டேங்கின் நெற்றிக்கும், உச்சியிலிருந்த வால்வுக்கும் வைத்தார். அதன்மேல் தமிழ்ச்செல்வி குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினார்கள்.

மறுநாள் காலை வளையத்தை இழுக்கக் கை போயிற்று. இழுத்தால் பெயிண்ட் விரிசல் விடும். ஒருநாள் போகட்டும் என்று உட்கார்ந்தார். அடுத்த நாளும் அப்படியே போயிற்று. பிறகு கை போகவில்லை. அடித்தண்ணீரை மட்டும் தவறாமல் திறந்துவிட்டார். அங்கே பூச்சு எதுவும் கெட்டுவிடாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தங்கராசுவின் நினைவு நாளுக்கு முந்தைய தினம், மதியம் மூன்று மணி. தமிழ்ச்செல்வி சுவருக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். ஸ்ரீதர் ஜன்னலோரம் மேசையில் குனிந்து, கண்ணாடி வழியாக ஒரு விமானத்தின் வயிற்றைப் பூசிக்கொண்டிருந்தார். காற்று சீராக வந்தது. ரெகுலேட்டர் இருப்பதால் டேங்கில் எவ்வளவு இருந்தாலும் பிரஷ்ஷுக்கு ஒன்றரை கிலோதான் வரும். மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. மோட்டார் வழக்கம்போலச் சத்தமில்லாமல் இருந்தது.

கழுத்து வலித்ததால் நிமிர்ந்து இடப்பக்கம் திரும்பினார். மோட்டாரின் மேலிருந்த குங்குமம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஓடுகிறது. எவ்வளவு நேரமாக? கேஜைப் பார்த்தார். முள் நாலைத் தாண்டி, ஆறைத் தாண்டி, கடைசி எண்ணான பன்னிரண்டில் போய் முட்டி நின்றிருந்தது. அதற்குமேல் காட்ட அதில் எண் இல்லை. வால்வு, நீலமாக, அழகாக, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் ஓடவில்லை. ஏர்பிரஷ்ஷை அதன் தாங்கியில் மெதுவாக வைத்தார். எழுந்து, முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து நடைக்கு வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். சமையல்கட்டுக்குப் போய்த் தமிழ்ச்செல்வியின் கையைப் பிடித்தார்.

"என்னாங்க?"

"வா."

"அடுப்புல எண்ண…"

அவரே அடுப்பை அணைத்தார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவள் கிளம்பிவிட்டாள். கையில் கத்தியோடு மழையில் வந்து நின்றாள்.

கொளஞ்சியப்பன் பைக்கில் வர பத்து நிமிடம் ஆயிற்று. விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழையப் போனான். "சுவிட்ச்சு ஒட்டிக்கிச்சி மாமா, ஈரத்துக்கு அப்படித்தான் ஆவும். போயி வளையத்த ஒரு இழு இழுத்தா முடிஞ்சிது."

ஸ்ரீதர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான் தெறித்தது. "போவாத மச்சான்."

"நான் செஞ்சது மாமா, எனக்குத் தெரியாதா?"

"போவாதன்னா போவாத!"

அவர் சத்தம் போட்டு அக்காளும் தம்பியும் அதுவரை கேட்டதில்லை.

ஒருவழி இருந்தது. மேசை ஜன்னலை ஒட்டியிருந்தது. ஏர்பிரஷ் தாங்கியில், பொத்தான் மேலே பார்த்தபடி நின்றது. பொத்தானை அழுத்தினால் காற்று வெளியேறும். ஸ்ரீதர் வாசலோரம் சாத்தியிருந்த ஒட்டடைக் கொம்பை எடுத்து, அதன் முனையில் துணியைச் சுற்றி, சந்துப் பக்கம் போய்ச் சுவரோடு சுவராக நின்று, ஜன்னல் கம்பிக்குள் கொம்பை நீட்டினார். நல்ல காதைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கேட்காத காதுதான் டேங்கைப் பார்த்திருந்தது. மூன்றாவது முயற்சியில் கொம்பு பொத்தானில் உட்கார்ந்தது.

"வருதா?"

"வருது மாமா. சீறுது." கொளஞ்சியப்பன் கையை மட்டும் ஜன்னலுக்கு நீட்டி, போன் கேமராவில் முள்ளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முள்ளு?"

"அசையல."

மழை கொம்பின் வழியாக இறங்கி ஸ்ரீதரின் முழங்கையில் சொட்டியது. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து, "என்னாபா, மழைல ஒட்டட அடிக்கிறீங்க?" என்று கேட்டார். தமிழ்ச்செல்வி கத்தியை ஆட்டி அவரை உள்ளே போகச் சொன்னாள். கத்தியைப் பார்த்து அவர் உடனே போய்விட்டார்.

"முள்ளு?"

"அசையவே இல்ல மாமா. பன்னெண்டுலயே நிக்குது." அவன் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "அப்ப உள்ள எவ்ளோ ஏறியிருக்கு?"

ஸ்ரீதர் கொம்பை இறுகப் பிடித்தார். கை நடுங்கினால் கொம்பு நழுவும். நழுவினால் மறுபடியும் தேடி உட்கார வைக்க வேண்டும். அவர் கொம்பை மட்டும் நினைத்தார்.

ஆறேழு நிமிடம் கழித்து, "பதினொன்னர" என்றான் கொளஞ்சியப்பன். பிறகு ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தான். பூஜ்யம் என்று சொன்னபோது பெரிய மழை நின்று தூறல்தான் இருந்தது. ஸ்ரீதர் கொம்பை எடுக்க இன்னும் ஐந்து நிமிடம் ஆயிற்று. விரல்கள் விரியவில்லை.

உள்ளே போனார்கள். கொளஞ்சியப்பன் டேங்கைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். ஸ்ரீதர் ஸ்பேனரை எடுத்து வால்வைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்தார். வளையத்தை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். தண்டும் உடலும் வளையமும் ஒரே தோலாகப் பூச்சில் ஒட்டியிருந்தன. காற்று வெளியேற வேண்டிய நான்கு சிறு துளைகளிலும் சந்தனமும் குங்குமமும் இறுகிச் சிமெண்ட் ஆகியிருந்தன. கருவி எடுக்கப் பொறுமையில்லாமல் நகத்தாலேயே சுரண்டினார். வளையத்தைச் சுற்றிச் சுரண்டினார், தண்டைச் சுற்றிச் சுரண்டினார். கடைசியில் டிக் என்று விடுபட்டது.

"அவ்ளோதானா? சின்ன விஷயம் மாமா" என்றான் கொளஞ்சியப்பன்.

ஸ்ரீதர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையிலும் நகக்கண் முழுவதும் வானநீலம்.

"என்னா மாமா? ரத்தமா?"

"இல்ல. பெயிண்ட்."

பதினோரு வருடமாக அவர் சுவிட்சை யோசித்தார், ஸ்பிரிங்கை யோசித்தார், துருவை யோசித்தார், கம்பெனி வாங்கிய மட்டமான சாமானை யோசித்தார். யாரும் தான் நன்றாகச் செய்த வேலையைப் போய்ச் சோதித்துப் பார்ப்பதில்லை. தொழிற்சாலை டேங்க் வெடித்த அந்த வருடமும் ஒரு போல்ட் விடாமல் மூன்று பூச்சு. ஏணியில் ஏறி டேங்கின் தலைவரைக்கும் பூசியது அவர்தான். தங்கராசு கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு, "போதும் எறங்குய்யா, மேல எவன் வந்து பாக்கப்போறான்?" என்றது இப்போது காதருகே கேட்டது. ஆயுத பூஜைக்குப் பதினோராம் நாள் வெடித்தது. தங்கராசு அண்ணன் வளையத்தை இழுக்காமல் இல்லை. இழுத்திருக்கிறார். வராதபோது சுரண்டியிருக்கிறார்.

இது நிச்சயமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். நிச்சயம் என்று எந்த அறிக்கையும் இனி சொல்லாது. அந்த வால்வு முழுதாகக் கிடைக்கவேயில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் குளிப்பாட்டிய பெண்கள் பார்த்த நகங்களும், இப்போது அவர் பார்த்துக்கொண்டிருந்த நகங்களும்தான்.

மேசையில் தின்னர் இருந்தது. ஒரு சொட்டில் நகம் சுத்தமாகிவிடும். தமிழ்ச்செல்வி பஞ்சில் நனைத்து நீட்டினாள். "இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை, வால்வைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு குடிகாட்டுக்கு பஸ் ஏறினார். வழக்கமாக இடப்பக்க ஜன்னலில் உட்காருவார். அன்று நின்றுகொண்டே போனார்.

ரத்தினம்மாள் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார். "வாங்க தம்பி. மழையா இருக்கே, வரமாட்டீங்களோன்னு நெனச்சேன்." காபி கொண்டுவந்து நீட்டினார். ஸ்ரீதர் டம்ளரை வாங்க இரண்டு கையையும் நீட்டினார். அந்த அம்மாளின் கை டம்ளரை விடவில்லை.

"என்னா தம்பி இது, நகமெல்லாம் நீலமா கெடக்கு?"

படத்துக்கு முன் விளக்கு ஒருமுறை படபடத்து நின்றது.

"அவுருக்கும் இப்படித்தான் இருந்துச்சி" என்றார் ரத்தினம்மாள். "இதே மாதிரி. என்னா வாயு தம்பி இது? நீங்க மறுபடியும் அங்க வேலைக்குப் போறீங்களா?"

"வாயு இல்லக்கா. பெயிண்ட்."



ஸ்ரீதர் பையிலிருந்து வால்வை எடுத்துப் பழச்சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பாதி பித்தளை, பாதி நீலம். "உக்காருங்கக்கா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ரத்தினம்மாள் வால்வைப் பார்த்தார். ஸ்ரீதரின் நகங்களைப் பார்த்தார். உட்காரவில்லை.

"சொல்லுங்க" என்றார்.